கேட்பதற்கு ஒரு ஆள்

(தெருவோரக் குழந்தைகளும் வன்முறையும் என்ற பொருளில் சமூகப்பணி மாணவர்களிடையே நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தெருவில் வாழும் குழந்தைகள் வன்முறையைத் தாங்கி மீண்டுவரச் சமூக அமைப்புகள் எப்படி உதவுகின்றன என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். உதவி என்றதும் நம் மனத்தில் சோற்றுப் பொட்டலமும் பழைய சட்டையும் வந்து நிற்கும். பசித்த பிள்ளைக்குச் சோறுதான் முதல். அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் ஒரு சிறுவனை அடித்துத் துவைத்துவிட்டு ஒருவனால் நிம்மதியாகத் தூங்கப் போக முடிகிறதென்றால், மறுநாள் அதைக் கேட்க யாரும் வரப்போவதில்லை என்ற தைரியம்தான் காரணம். வீட்டுப் பிள்ளை மேல் கை வைத்தால் அப்பன் வந்து நிற்பான், தாய்மாமன் வந்து நிற்பான், சில ஊர்களில் தெருவே திரண்டு வரும். நடைபாதைப் பிள்ளைக்கு அப்படி வருகிறவர் இல்லை. வந்து கேட்கிற அந்த ஆளாக ஓர் அமைப்பு மாறுவதுதான் அது செய்யக்கூடிய ஆகப் பெரிய காரியம் என்பது என் கட்சி. மற்ற எல்லா உதவியும் அதற்குப் பிறகுதான்.

இதை விளக்க முதலில் பிரேசிலுக்குப் போகிறேன். இந்த வேலையின் உச்சத்தையும் அதன் எல்லையையும் ஒரே தலைமுறைக்குள் கண்ட நாடு அது.

1964 முதல் 1985 வரை அங்கே ராணுவ ஆட்சி. ஏழைக் குழந்தைகளைக் கவனிக்க என்று 1964இலேயே ஒரு தேசிய நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பெயர் நலவாழ்வு, நடப்பு சிறை. 1979இல் வந்த சிறார் சட்டமோ, குற்றம் செய்த பிள்ளையையும் கதியற்ற பிள்ளையையும் ஒரே கூடையில் போட்டது. தெருவில் நிற்கிறான் என்பதே ஒரு சிறுவனை நீதிபதி உள்ளே அனுப்பப் போதுமான காரணம். இந்தக் காலத்தில்தான் பாவ்லோ ஃபிரெய்ரேவின் கல்விச் சிந்தனையில் ஊறியவர்களும் கத்தோலிக்கத் திருச்சபையின் அடித்தளக் குழுக்களைச் சேர்ந்தவர்களும் தெருவில் இறங்கினார்கள். தெருக் கல்வியாளர்கள் என்று அவர்களுக்குப் பெயர். பிள்ளைகளை எங்கேயும் அழைத்துப் போகும் அவசரம் அவர்களுக்கு இல்லை. ஒரே சதுக்கத்துக்கு, ஒரே நேரத்துக்கு, திரும்பத் திரும்பப் போனார்கள். பெயர் கேட்டார்கள். விளையாடினார்கள். நேற்று இருந்தவன் இன்று இல்லையென்றால் எங்கே என்று விசாரித்தார்கள்.

அந்த விசாரிப்பிலிருந்து 1985இல் ஒரு தேசிய இயக்கம் பிறந்தது: தெருவோரச் சிறுவர் சிறுமியர் தேசிய இயக்கம். அடுத்த ஆண்டே தலைநகர் பிரசீலியாவில் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கூட்டி ஒரு மாநாடு நடத்தினார்கள். பேசியவர்கள் பிள்ளைகள்; பெரியவர்கள் ஒழுங்கு செய்ததோடு சரி. பள்ளி, வேலை, உடல்நலம் எல்லாவற்றையும் பேசினார்கள். ஆனால் பேச்சு எங்கே தொடங்கினாலும் போலீஸ் அடியில் வந்து முடிந்தது. வெவ்வேறு நகரத்திலிருந்து வந்தவர்கள், முன்பின் அறியாதவர்கள், ஒரே மாதிரி அடியைச் சொன்னார்கள். தனக்கு நேர்ந்தது தன் தப்பினால் நேர்ந்தது என்று நினைத்திருந்த ஒரு பிள்ளை, இன்னொரு ஊர்ப் பிள்ளை வாயிலிருந்து அதே கதையைக் கேட்கும்போது அதற்குள் என்ன நடக்கிறது என்பதை உளவியல் படிக்கும் மாணவர்கள் யோசித்துப் பாருங்கள். வன்முறையிலிருந்து மீள்வது பற்றிப் பெரிய பெரிய சிகிச்சை முறைகளை நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். இது என் தப்பில்லை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவரும் இடம்தான் அவை எல்லாவற்றுக்கும் முதல் படி. அதைத் தனி அறையில் ஆலோசகர் ஒருவர் சொல்வதைவிட, தன்னைப் போன்ற இன்னொருவன் சொல்லும்போது அது வேகமாக உள்ளே போகிறது.

அந்த இயக்கம் அத்தோடு நிற்கவில்லை. கொல்லப்படும் பிள்ளைகளின் விவரங்களைத் திரட்டத் தொடங்கியது. அதுவரை கணக்கிலேயே வராத சாவுகள் அவை. 1989இல் இரண்டாம் மாநாடு. பிள்ளைகள் நாடாளுமன்ற அவைக்குள்ளேயே போய் உறுப்பினர் இருக்கைகளில் உட்கார்ந்து, தங்களுக்கான புதிய சட்டத்துக்கு அடையாள வாக்களித்தார்கள். முந்தைய ஆண்டு நிறைவேறியிருந்த அரசியல் சாசனத்தின் 227ஆம் பிரிவு, குழந்தையின் உரிமைகளுக்கு முழு முன்னுரிமை என்று ஏற்கெனவே எழுதிவைத்திருந்தது. 1990 ஜூலை 13 அன்று குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் சட்டம் கையெழுத்தானது. கையும் களவுமாகப் பிடிபட்டாலன்றி, அல்லது நீதிபதியின் எழுத்து மூல உத்தரவு இருந்தாலன்றி, ஒரு பிள்ளையையும் பிடித்து வைக்கக்கூடாது என்றது அது. ஒவ்வொரு நகராட்சியிலும் ஊர் மக்களே தேர்ந்தெடுக்கும் 5 பேர் கொண்ட பாதுகாப்பு மன்றம் இருக்க வேண்டும் என்றது. கேட்கிற ஆளைச் சட்டத்துக்குள்ளேயே உட்காரவைத்தார்கள். தெருப் பிள்ளைகள் கலந்துகொண்டு உண்டாக்கிய சட்டம் என்று உலகில் சொல்லத்தக்கவை மிகக் குறைவு. அவற்றுள் முதலில் சொல்ல வேண்டியது இது.

நல்ல சட்டம் வந்துவிட்டது, பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள் என்று இங்கே முடித்துவிடலாம்தான். மூன்றே ஆண்டுகள் கழித்து, 1993 ஜூலை 23 நள்ளிரவை ஒட்டி, ரியோ டி ஜெனீரோ நகரின் நடுவில் காண்டலாரியா தேவாலயத்தருகே தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் மீது கார்களில் வந்தவர்கள் சுட்டார்கள். 8 பேர் இறந்தார்கள். 11 வயது முதல் 19 வயது வரை. சுட்டவர்களில் போலீஸ்காரர்கள் இருந்தார்கள். அந்தத் தேவாலய வாசலில் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவந்த ஒரு பெண் இருந்தார், இவோனி பெசேரா டி மெல்லோ. வசதியான வீட்டுப் பெண், சிற்பி. அன்று இரவு பொதுத் தொலைபேசியிலிருந்து பிள்ளைகள் கூப்பிட்டது போலீஸை அல்ல, அவரைத்தான். அவரும் போனார். கொன்றது சரிதான் என்று வெளிப்படையாகப் பேசிய நகரவாசிகளும் இருந்தார்கள். அதையும் மறைக்க வேண்டியதில்லை. நம் ஊரில் இப்படி நடந்தால் நம் தேநீர்க் கடைகளில் என்ன பேசுவார்கள் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது.

பிழைத்தவர்களில் வாக்னர் டோஸ் சான்டோஸ் என்ற இளைஞர் முக்கிய சாட்சி ஆனார். உடம்பில் 4 குண்டுகள் பாய்ந்தும் உயிர் தப்பியவர். 1994இல் அவரை மறுபடி சுட்டார்கள். மறுபடியும் பிழைத்தார். பிறகு சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய்க் காப்பாற்ற வேண்டியதாயிற்று. அங்கிருந்து திரும்பிவந்து சாட்சி சொன்னார். 1996இல் தொடங்கிய விசாரணைகளில் 3 போலீஸ்காரர்களுக்குத் தண்டனை கிடைத்தது. ஒரு தெருப் பிள்ளையின் வாக்குமூலம் நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் எவ்வளவு பேர், எத்தனை ஆண்டுகள் நிற்க வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம். தனி மனிதராக அவர் அதைச் செய்திருக்க முடியாது.

காண்டலாரியாவில் தப்பிய இன்னொருவர் சாண்ட்ரோ. சிறுவயதில் தன் தாய் கொல்லப்படுவதைக் கண்ணால் பார்த்தவர். அதற்குப் பிறகுதான் தெருவுக்கு வந்தார். 2000 ஜூன் 12 அன்று ரியோவில் 174ஆம் எண் பேருந்தைத் துப்பாக்கியோடு பிடித்துவைத்துக்கொண்டு, பயணிகளைப் பிணையாக்கினார். பல மணி நேரம் நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. முடிவில் ஒரு பெண் பயணி இறந்தார். சாண்ட்ரோவைப் போலீஸ் வண்டிக்குள்ளேயே மூச்சுத்திணற வைத்துக் கொன்றார்கள். ஜோசே பாதில்யா 2002இல் இதை ஆவணப்படமாக எடுத்தார். சமூகப்பணி மாணவர்கள் பார்க்கவேண்டிய படம். பேருந்திலிருந்து சாண்ட்ரோ கத்திய கத்தலில் காண்டலாரியாவும் வந்தது. 1993க்கும் 2000க்கும் இடைப்பட்ட 7 ஆண்டுகளில் அந்தப் பிள்ளை சிறைகளுக்கும் தெருவுக்குமாக அலைந்தார். படுகொலை நடந்ததும் நினைவுச் சின்னம் வைத்தார்கள், கூட்டம் போட்டார்கள். தப்பிய பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் தேடிப் பிடித்து, ஆண்டுக்கணக்கில் கூடவே வருகிற ஏற்பாடு ஒன்றுகூட இல்லை. இவோனியைப் போன்ற ஓரிருவரின் சொந்த முயற்சி மட்டும் இருந்தது. பேருந்துப் பயணியின் சாவுக்கு சாண்ட்ரோவைக் குற்றமற்றவர் ஆக்க நான் இதைச் சொல்லவில்லை. வன்முறையைப் பார்த்த பிள்ளையை அப்படியே விட்டுவிடுவதற்கு ஒரு நகரம் கொடுக்கும் விலையைச் சொல்கிறேன்.

இவோனி பிறகு என்ன செய்தார் என்பதுதான் நம் தலைப்புக்கு நேரடியாகப் பொருந்துவது. 1998இல் மாரே என்ற குடிசைப் பகுதியில் ஊவேரே என்ற திட்டத்தைத் தொடங்கினார். துப்பாக்கிச் சத்தத்திலேயே வளரும் பிள்ளைகள் பள்ளியில் மந்தமாக இருப்பதை அவர் பார்த்தார். ஆசிரியர்கள் சோம்பல் என்றார்கள். அவர் அதை ஏற்கவில்லை. எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் மூளைக்குப் பாடத்தை நினைவில் வைக்க இடம் இருப்பதில்லை என்றார். ஆகவே பாடங்களைச் சிறு சிறு துண்டுகளாக்கி, செயலை அடிக்கடி மாற்றி, முதலில் வாயால் பேசவைத்துப் பிறகு எழுதவைக்கும் ஒரு முறையை உருவாக்கினார். ரியோவின் மாநகராட்சிப் பள்ளிகளும் பின்னாளில் அதை எடுத்துக்கொண்டன. நம் ஊரில் நடைபாதைப் பிள்ளை வகுப்பில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன சொல்கிறோம்? 'மண்டையில் ஒண்ணும் ஏறாது' என்கிறோம். அந்தப் பிள்ளை இரவு முழுக்க விழித்திருந்தாளா என்று கேட்பதில்லை.

குவாத்தமாலாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1990 மார்ச்சில் குவாத்தமாலா நகரத் தெருவில் பசை முகர்ந்துகொண்டிருந்த பிள்ளைகளில் 13 வயது நாகமன் கார்மோனா லோப்பஸ் என்ற சிறுவனைப் போலீஸ்காரர்கள் மிதித்தார்கள். சில நாட்களில் மருத்துவமனையில் இறந்தான். அதே ஆண்டு ஜூனில் 5 இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள்; 4 பேரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சித்திரவதை செய்து காட்டில் போட்டிருந்தார்கள், ஐந்தாமவர் தெருவிலேயே சுடப்பட்டார். இந்தப் பிள்ளைகளுக்குத் தங்குமிடம் நடத்திவந்த காசா அலியான்சா என்ற அமைப்பு, சோறு போடுவதோடு நிற்க முடியாது என்று கண்டு வழக்குப் போடத் தொடங்கியது. சிறுவன் நாகமன் வழக்கில் போலீஸ்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஐவர் வழக்கில் உள்நாட்டு நீதிமன்றங்கள் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தன. அமைப்பு விடவில்லை, வேறொரு சட்ட அமைப்போடு சேர்ந்து அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம்வரை போனது. 1999 நவம்பர் 19 அன்று தீர்ப்பு. உயிர் வாழும் உரிமை என்றால் கொல்லப்படாமல் இருப்பது மட்டும் அல்ல, கண்ணியமாக வாழ்வதற்கான நிலைமைகளும் அதில் அடங்கும் என்று அந்த நீதிமன்றம் சொன்னது. முதலில் பிள்ளையை வறுமையில் தள்ளிவிட்டு, பிறகு அவன் உயிரையும் பறிப்பது இரட்டைத் தாக்குதல் என்றது. 2001இல் இழப்பீட்டோடு, அந்த ஐவரின் நினைவாக ஒரு கல்விக்கூடத்துக்குப் பெயர் வைத்துப் பெயர்ப்பலகை பதிக்கவும் உத்தரவிட்டது. ஒரு தங்குமிடத்துச் சமையலறையில் தொடங்கிய விசாரிப்பு அது.

இப்போது இந்தியாவுக்கு வருகிறேன்.

தில்லியில் 1989இல் தொடங்கிய பட்டர்ஃப்ளைஸ் அமைப்பு, தெருவில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு 2001இல் ஒரு வங்கி வைத்துக்கொடுத்தது. பால் விகாஸ் கஜானா என்று பெயர். மேலாளர், கணக்கர் எல்லாம் பிள்ளைகளே. கேட்கிறவர்கள், சேமிப்புப் பழக்கம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நான் அதைப் பாதுகாப்புத் திட்டமாகவே பார்க்கிறேன். பகலெல்லாம் குப்பை பொறுக்கிக் காயலான் கடையில் போட்டு வாங்கிய காசை இடுப்பில் கட்டிக்கொண்டு தூங்கும் சிறுவன்தான் ராத்திரியில் அடிபடுகிறான். பெரிய பசங்க பிடுங்குவார்கள், காவலுக்கு நிற்பவர் பிடுங்குவார். அதனால் கையில் இருப்பதை அன்றைக்கே தின்றும் சினிமா பார்த்தும் போதைக்கு முகர 'சொல்யூஷன்' வாங்கியும் தீர்த்துவிடுவதுதான் அவனுக்குப் புத்திசாலித்தனம். ஊதாரி என்று திட்டுகிறோம். காசை வைக்க ஒரு இடம் கிடைத்தால் அடியில் ஒரு பகுதி குறைகிறது. இதைப் பிள்ளைகளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். எந்த ஆய்வறிக்கைக்கும் தானாகத் தோன்றாது.

அதே தில்லியில் பாலக்நாமா என்று ஒரு செய்தித்தாள். தெருப் பிள்ளைகளே செய்தி சேகரித்து நடத்துவது. தண்டவாளத்தில் அடிபட்டுச் சிதறிய உடல்களை எடுக்கப் போலீஸ்காரர்கள் ரயில் நிலையச் சிறுவர்களைப் பயன்படுத்துகிறார்கள் என்ற செய்தியை வெளியே கொண்டுவந்தது அந்தத் தாள்தான். பெரிய பத்திரிகைகள் அதன் பிறகே எடுத்தன. அந்த நிலையங்களில் நாம் எல்லோரும் இறங்கி ஏறியிருக்கிறோம்.

1996இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் திட்டமாக ஜெரூ பில்லிமோரியா குழந்தைகளுக்கான 1098 என்ற உதவித் தொலைபேசிச் சேவையைத் தொடங்கினார். பிறகு அது நாடு முழுக்கப் பரவியது. அதில் வரும் அழைப்புகளில் பெரும் பங்கு பேச்சில்லாத அழைப்பு. எடுத்தால் மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்கும். அனுபவம் இல்லாதவர் வைத்துவிடுவார். அனுபவமுள்ளவர், 'நான் இருக்கேன், நீ பேசறப்ப பேசு' என்று சொல்லிக் காத்திருப்பார். அந்தப் பிள்ளை நான்காம் முறையோ ஐந்தாம் முறையோ பேசும். 2023இல் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் 1098ஐ அரசே எடுத்துக்கொண்டு 112 என்ற அவசர எண்ணோடு இணைத்தது. குழந்தையைக் காப்பது அரசின் கடமை, ஆகவே அரசு எடுத்ததைக் கொள்கையளவில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போலீஸுக்குப் பயந்துதான் கூப்பிடுகிற ஒரு பிள்ளைக்கு, போலீஸோடு இணைந்த எண் எப்படித் தோன்றும்? தெருவில் முகம் தெரிந்த அண்ணனும் அக்காவும் வந்து நின்ற இடத்தில் யார் வந்து நிற்கப்போகிறார்கள்? இந்தக் கேள்விகளை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளிடம் நாம் ஓயாமல் கேட்கவேண்டும்.

சென்னையில் படம் கொஞ்சம் வேறு. ரயிலேறி வருகிற பிள்ளைகள் இங்கேயும் உண்டு. சென்ட்ரலில் இறங்கியதும் முதல் சில மணி நேரத்துக்குள் அவர்களை யார் முதலில் பார்க்கிறார்கள் என்பதில் அவர்கள் வாழ்க்கை திரும்புகிறது. ஆனால் பாரிமுனை, வால்டாக்ஸ் சாலை, ராயபுரம் பக்கம் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் குடும்பங்கள். பாட்டி காலத்திலிருந்தே அதே பிளாட்பாரத்தில் இருப்பவர்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தாய் உண்டு, தகப்பன் உண்டு, சுவர்தான் இல்லை. பெண் பிள்ளை வயசுக்கு வந்துவிட்டால் தாய்க்கு அதற்கப்புறம் ராத்தூக்கம் கிடையாது. குடித்துவிட்டு வருகிறவன், கட்டுப்பாடு இழந்து மேலேறும் வண்டி, இடத்தைக் காலி செய்யச் சொல்லிச் சட்டி பானையை உதைக்கிறவர், பொதுக் கழிப்பறை வாசலில் நிற்கிறவன் என்று அவர்களுக்குள்ள பயங்கள் ஒவ்வொன்றும் முகம் தெரிந்தவை. இந்தப் பிள்ளைகளுக்குப் பகல் நேர மையம் வைத்திருக்கும் எந்தக் களப்பணியாளரையும் கேளுங்கள். பிள்ளைகள் உள்ளே வந்ததும் முதலில் செய்வது விளையாட்டும் அல்ல, படிப்பும் அல்ல, படுத்துத் தூங்குவார்கள். கதவு உள்ள ஓர் அறையில், பகலில், பயமில்லாமல் தூங்குவது. திட்ட அறிக்கையில் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் 'பொழுதுபோக்கு' என்று எழுதிய கொடுமையும் உண்டு.

அவர்கள் எல்லோருக்கும் பொதுவான பயம் ஒன்று இருக்கிறது. 'ஹோம்ல போட்டுடுவாங்க.' மீட்பு நடவடிக்கை என்று வேன் வரும். பிள்ளைகளை ஏற்றுவார்கள். குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது சட்டம், நிறுத்துவார்கள். தாய் ஓடிவந்து அழுது, எழுதிக்கொடுத்து, கூட்டிக்கொண்டு மறுபடி அதே பிளாட்பாரத்துக்கே வருவாள். கணக்கில் அத்தனை குழந்தைகள் மீட்கப்பட்டதாக வரும். பிள்ளைக்கு மிஞ்சுவது வேனைக் கண்டால் ஓடும் பழக்கம். முகம் தெரியாத மீட்பும் ஒரு வன்முறைதான் என்று நான் தயங்காமல் சொல்வேன். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், தெருவில் வாழும் குழந்தையைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்கிறது. பிடித்துப்போகும் பண்டம் என்று சொல்லவில்லை. குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. குழு 2017இல் தெருக் குழந்தைகளைப் பற்றித் தனியாக ஒரு பொதுக் கருத்துரை வெளியிட்டது. அதற்காக 32 நாடுகளில் 327 பிள்ளைகளிடமும் இளையோரிடமும் கேட்டார்கள். கட்டாயமாக அள்ளிப்போவதை அது வெளிப்படையாகக் கண்டிக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வட சென்னையின் கருணாலயா போன்ற அமைப்புகள். 1995 முதல் அந்தப் பகுதியிலேயே இருப்பதால் பிள்ளைகளோடு சேர்ந்து அவர்களுடைய அம்மாக்களுக்கும் அங்கே முகம் தெரியும். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சேர்க்கை, காவல் நிலையம், நலக் குழு என்று ஒவ்வொரு மேசைக்கும் கூட வருகிறார்கள். தெருக் குழந்தைகளுக்கான உலகக் கால்பந்துப் போட்டிக்கு அங்கிருந்து பிள்ளைகள் போனார்கள். 2019 மே மாதம் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இறுதி ஆட்டம் நடந்த தெருக் குழந்தைகள் கிரிக்கெட் உலகக் கோப்பையை, ஆணும் பெண்ணும் கலந்து ஆடிய தென்னிந்திய அணி வென்றது. சென்னைப் பிள்ளைகள் அதில் ஆடினார்கள். கோப்பை வந்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. என் கவனம் அந்தப் பயணத்துக்குத் தேவைப்பட்ட பாஸ்போர்ட்டில் இருக்கிறது. முகவரி இல்லாத பிள்ளைக்குப் பாஸ்போர்ட் வாங்க வேண்டுமென்றால், அந்தப் பிள்ளை இந்த நாட்டின் பிரஜை என்று ஒவ்வோர் அலுவலகத்திலும் யாராவது போய் நிறுவியாக வேண்டும். அந்தக் காகிதம் கைக்கு வந்த பிறகு அவளைப் போலீஸ்காரர் ஒருவர் 'நீ யாரு' என்று கேட்டால் பதில் சொல்ல முடியும். கிரிக்கெட் அதற்கு ஒரு சாக்கு.

அமைப்புகளை இவ்வளவு புகழ்ந்துவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் போனால் அது நேர்மை ஆகாது. பீகாரின் முசாபர்பூரில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய விடுதியில் 30க்கும் மேற்பட்ட சிறுமியர் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கப்பட்டது 2018இல் வெளியே வந்தது. விடுதியை நடத்தியவருக்கு 2020இல் ஆயுள் தண்டனை. அந்த விடுதியை அரசு அதிகாரிகள் எத்தனையோ முறை வந்து 'ஆய்வு' செய்திருப்பார்கள். பதிவேடுகள் சரியாக இருந்திருக்கும். டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஒரு குழு தணிக்கைக்குப் போய், சிறுமியரோடு உட்கார்ந்து பேசியபோதுதான் விஷயம் வெடித்தது. பிள்ளையிடம் கேட்க வெளியாள் வராத எந்த விடுதியும், நல்லவர்கள் நடத்துவதாக இருந்தாலும், ஆபத்தான இடம். காசா அலியான்சாவின் தாய் அமைப்பை நிறுவிய பாதிரியாரே 1990இல் பாலியல் குற்றச்சாட்டுகளுக்கு நடுவே பதவி விலகினார். அவர் குற்றச்சாட்டுகளை மறுத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமைப்பு செய்த வேலை பெரிது என்பதால் அமைப்பைக் கேள்வி கேட்காமல் விட முடியாது. நன்கொடை கொடுப்பவர்கள் கட்டடத்தையும் பிள்ளைகள் வரிசையாக நின்று பாடும் பாட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். புகார் சொல்ல நினைக்கும் பிள்ளை யாரிடம் போகும், அந்த ஆள் விடுதி நிர்வாகிக்குக் கட்டுப்பட்டவரா என்று கேட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம், ஓர் அமைப்பு தான் பெற்ற நிதியை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தருவதைத் தடுத்தது. நிர்வாகச் செலவு வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20ஆகக் குறைத்தது. பெரிய அமைப்பின் வழியாக நிதி பெற்று ஒரு தெருவில், ஒரு நிலையத்தில் வேலை செய்த சின்னக் குழுக்களுக்குத்தான் அடி விழுந்தது. சுகமாக ஊழல் செய்தவர்களுக்கு வேறு வழிகள் தெரியும். தெருவில் நிற்கிற பணியாளருக்கு மாதச் சம்பளம் நின்றது. திட்டம் மூன்று ஆண்டு, நிதி மூன்று ஆண்டு, அதோடு அக்காவும் போய்விடுகிறார் என்ற பழைய நோய் இதனால் இன்னும் முற்றியது. வீட்டில் அடிபட்டு, தெருவில் அடிபட்டு, நம்பிய ஒருவரும் போய்விட்டால் அந்தப் பிள்ளை அடுத்த ஆளிடம் எதையும் சொல்லாது.

2012இல் வந்த போக்சோ சட்டத்தில் ஆதரவு நபர் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையோடு காவல் நிலையம் முதல் தீர்ப்பு வரை கூட இருப்பவர். உச்ச நீதிமன்றம் 2023இல் இதை ஒழுங்காக நடைமுறைப்படுத்த வழிகாட்டுதல்கள் தந்தது. நல்ல பயிற்சியும் கௌரவமான சம்பளமும் தந்தால், வாக்னருக்குச் சுவிட்சர்லாந்துவரை போக வேண்டியிருந்த ஒன்றை நம்மால் மாவட்ட நீதிமன்றத்திலேயே செய்ய முடியும். மாவட்டம்தோறும் எத்தனை ஆதரவு நபர்கள் இருக்கிறார்கள், ஒருவர் கையில் எத்தனை வழக்கு, சம்பளம் எத்தனை மாதம் பாக்கி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பது உங்கள் ஆய்வேட்டுக்கு நல்ல தலைப்பு. நானே வழிகாட்டத் தயார்.

கடைசியாக இந்தத் துறைக்கும் இதைப் போன்ற எல்லாச் சமூகப்பணித் துறைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இப்போது களப்பணிக்கு மாணவர்களைப் பருவத்துக்கு ஒரு அமைப்பு என்று மாற்றி மாற்றி அனுப்புகிறோம். உங்களுக்குப் பல அனுபவம் கிடைக்கட்டும் என்பது நோக்கம். நடைபாதையில் இருக்கும் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு புது அக்கா, ஒரு புது அண்ணன். எல்லோரும் வந்து அதே கேள்விப் படிவத்தை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். தெருக் குழந்தைகளோடு வேலை செய்ய விரும்பும் மாணவரை முதுகலைப் படிப்பின் இரண்டு ஆண்டும் ஒரே இடத்துக்கு அனுப்புங்கள். அவர் போகும்போது அடுத்த ஆளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகளிடம் பெயர் சொல்லி அறிமுகம் செய்துவிட்டே வரட்டும். இதற்குப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு மனம் வைத்தால் போதும், ஒரு ரூபாய் செலவில்லை. அடுத்த கல்வியாண்டுக்குள் அதைச் செய்யுங்கள்.